மார்த்தா மால்ட் அம்மையார்

நாஞ்சில் நாடு நீர்வளமும் நிலவளமும் சான்ற நாடு. மலைத்தொடர் ஒருபால் அரணாக நிற்கும். பழையாறு வயல்களினூடே பாய்ந்து செல்லும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருங்கே பெறும் பேறு இதற்கு உண்டு. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் பகுதியாய் விளங்கும் இந்நாடு, 1956ஆம் ஆண்டில் தமிழகத்தோடு இணையும் முன் திருவிதாங்கூர் மன்னர்களின் ஆட்சியில் இருந்தது.

வளம் நிறைந்த நாடாயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வளம் எல்லார்க்கும் உரியதாக இருந்திலது. உழுது நெல் விளைத்தவருள் பலர் அடிமைகள். நிலம் கைம்மாறும்போது நிலத்தோடு அவர்களும் கைம்மாறினர். அடகு வைக்கப்பட்டோரும், குத்தகைக்கு விடப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர். அடிமைத் தாய் பெற்ற மகவும் அடிமையே. அடிமையல்லாத எளிய மக்களோ தலைவரி முதலிய பல வரிகளைச் செலுத்தினர். ஊழியம் என்னும் பெயரால் கூலியின்றி உழைத்தனர். அவ்வெளிய குலங்களில் பிறந்த பெண்கள் இடுப்புக்கு மேலே ஆடை அணிதல் குற்றமாகக் கருதப்பட்டது. பெண் குழந்தை எழுத்தறிதல் என்பது அவர்கள் கனவிலும் எண்ணாத ஒன்று.

இத்தகைய நாட்டிற்கு 1819ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் ஆங்கிலப் பெண்மணி தம் கணவரோடு வந்து சேர்ந்தார். அவரே மார்த்தா மால்ட் அம்மையார். கணவர் சார்லஸ் மால்ட், இலண்டன் மிஷனரிச் சங்கத்தைச் சார்ந்த சமயத் தொண்டர். அந்நாளில் சூயசுக் கால்வாய் இல்லை. இங்கிலாந்திலிருந்து புறப்படும் பாய்க்கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித் திங்கள் பல கடந்தே இந்தியக் கரையை அடையும். புறப்பட்டவர் மீண்டும் தம் சுற்றத்தாரைக் காண்பது உறுதியன்று.

அச்சங்கத்தின் பணி இந்நாட்டிற்குப் புதியதன்று. ஜெர்மனியரான ரிங்கல்தௌபே என்பார் 1806ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகள் மயிலாடியை நடுவிடமாகக் கொண்டு பணிபுரிந்தார். அவருக்குப் பின் 1818இல் சார்லஸ் மீட் வந்து நாகர்கோவிலைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். அவருடைய துணைவியார் யோவன்னா செலஸ்தீனா, தஞ்சையில் தொண்டாற்றிய ஹார்ஸ்ட் என்பாரின் மகளார். ஆண் பிள்ளைகளுக்குக் கல்விச்சாலையும், தொடர்ந்து அச்சுக்கூடமும் அங்கே தோன்றின. பெண் பிள்ளைகளின் கல்வியை இவ்விரு பெண்மணிகளும் மேற்கொண்டனர். பின்னர் 1828இல் மீட் குடும்பத்தார் நெய்யூருக்குச் சென்றபின், நாகர்கோவிற் பள்ளியின் பொறுப்பு முழுவதும் மார்த்தா அம்மையாரிடமே நின்றது.

பள்ளி தொடங்குவது எளிது. பிள்ளைகளைச் சேர்ப்பதே அரிது. பெண் படித்து என்ன செய்வாள் என்று பெற்றோர் ஐயுற்றனர். வீட்டு வேலைக்கு உதவும் சிறுமியைப் பள்ளிக்கு அனுப்பினால் அன்றைய கஞ்சிக்கு வழி இல்லை என்று கூறியவரும் உளர். அவர்கள் கூறியது பொய்யன்று. ஆதலால் அம்மையார் சிறுமியரைத் தம் இடத்திலேயே தங்கவைத்து, உணவும் உடையும் அளித்துக் கற்பிக்கும் உறைவிடப் பள்ளியை நடத்தினார். எழுத்தும் கணக்கும் தையலும் கற்பிக்கப்பட்டன. இங்கிலாந்திலுள்ள அன்பர்கள் சிலர் ஒவ்வொரு சிறுமிக்கும் ஆண்டுதோறும் பொருள் அனுப்பினர். அதற்கு ஈடாகத் தாம் விரும்பிய பெயரைத் தாம் காப்பாற்றும் சிறுமிக்கு இடச்செய்தனர். அக்கால வழக்கம் அது. பொருளுதவி போற்றத்தக்கதே, எனினும் பெற்றோர் இட்ட பெயரைப் பிள்ளைகள் இழந்தது பெருமைக்குரிய செய்தியன்று.

பிறர் அனுப்பும் பொருளை நம்பிப் பள்ளியை நெடுநாள் நடத்துதல் இயலாது என்பதை அம்மையார் விரைவில் உணர்ந்தார். அதனினும் பெரிய கேள்வி ஒன்று அவர் முன் நின்றது. எழுத்தறிந்த பெண் பள்ளியை விட்டு வெளியேறிய பின் எதைக் கொண்டு வாழ்வாள்? மீண்டும் கூலியில்லா ஊழியத்திற்கே செல்வாளாயின் கற்ற கல்வியாற் பயன் என்? இவ்விரு கேள்விகளுக்கும் விடையாக அவர் கண்டது ஒரு கைத்தொழில். 1820, 1821ஆம் ஆண்டுகளில் அவர் தம் மாணவியர்க்கு ரேந்தை பின்னக் கற்பித்தார்.

ரேந்தை என்னும் சொல் தமிழன்று. போர்ச்சுகீசியர் இதனை ரெந்தா என்பர். அவர்கள் நம் கடற்கரையில் வந்திறங்கிய காலத்தில் சாவி, அலமாரி முதலிய சொற்களோடு இதுவும் நம் மொழியிற் புகுந்தது. இன்று லேஸ் என்னும் ஆங்கிலச் சொல்லே பெருவழக்காயிற்று. ஆடையின் ஓரத்திலும் கழுத்துப் பட்டையிலும் கைக்குட்டையிலும் வைத்துத் தைக்கப்படும், பூவும் கொடியுமாகத் துளைகள் விளங்கும் மெல்லிய நூற்பின்னலே ரேந்தை. துணியை வெட்டித் துளையிட்டுச் செய்வது ஒரு வகை. ஊசியால் நூலைக் கோத்துச் செய்வது ஒரு வகை. நாகர்கோவிலில் கற்பிக்கப்பட்டதோ இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வகை. நூல் சுற்றிய சிறு கட்டைகளைக் கொண்டு, திண்டின்மேல் வைத்துப் பின்னுவது அது.

இதற்கு வேண்டும் கருவிகள் மிகச் சில. வைக்கோல் போன்றவற்றை இறுக அடைத்துச் செய்த திண்டு ஒன்று, குண்டூசிகள், விரல் நீளமுள்ள மரக்கட்டைகள், நூல், இவற்றோடு பின்ன வேண்டிய வடிவத்தைப் புள்ளிகளாகக் குத்திய தோல் அல்லது தடித்த தாள். திண்டு இளகியிருந்தால் ஊசி சாயும். ஊசி சாய்ந்தால் பின்னல் கோணும். எனவே திண்டை அடித்தடித்துக் கல்போல் இறுக்குவர். ஊசி பித்தளையால் ஆனதாக இருத்தல் வேண்டும். இரும்பூசி துருப்பிடித்து வெண்ணூலைக் கறைப்படுத்தும். மழையும் கடற்காற்றும் மிகுந்த இடத்திலோ கேட்க வேண்டுவதில்லை.

கட்டையின் மேற்பகுதி ஒடுங்கிக் கழுத்துப்போல் இருக்கும். அதில் நூலைச் சுற்றி, நுனியில் ஒரு சுருக்கிட்டு நிறுத்துவர். சுருக்கு, நூலைத் தானே அவிழாமல் தடுக்கும். வேண்டும்போது கட்டையைச் சற்றே திருப்பினால் வேண்டிய அளவு நூலை விடும். கட்டையின் எடையே நூலை நேராக இழுத்துப் பிடிக்கும். தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டுவதற்கு ஒரு சட்டம் வேண்டும்; இங்கே ஒவ்வோர் இழைக்கும் அதனதன் கட்டையே சட்டம்.

கட்டைகள் எப்போதும் இணையிணையாகவே இயங்கும். ஒரு நேரத்தில் கையாளப்படுவன இரண்டு இணைகள், அதாவது நான்கு கட்டைகள். அவற்றை ஆளும் அசைவுகளும் இரண்டே. நான்கனுள் நடுவிலுள்ள இரண்டில் இடப்பக்கத்ததை வலப்பக்கத்ததன் மேலே கடத்துவது ஒன்று. ஒவ்வோர் இணையிலும் வலக் கட்டையை இடக் கட்டையின் மேலே எடுத்து முறுக்குவது மற்றொன்று. கடத்தல், முறுக்கல் என்னும் இவ்விரண்டே ரேந்தைக் கலையின் அரிச்சுவடி. கடத்தி, முறுக்கி, மீண்டும் கடத்தினால் துணி நெய்தாற்போன்ற அடர்ந்த பரப்பு உண்டாகும். பூவின் இதழும் இலையும் அவ்வாறு அமைவன. ஒருமுறை கடத்தி ஒருமுறை முறுக்கியதோடு நின்றால் இழைகள் சாய்ந்தோடும் மெல்லிய வலை உண்டாகும். புள்ளி வந்த இடத்தில் ஊசியைக் குத்தி, இணைகளை அதன் இருபுறமும் பிரித்து, மீண்டும் ஊசியின் கீழே சேர்ப்பர். ஊசி நின்ற இடம் பின்னர்த் துளையாக நிலைத்துவிடும். வேலை முன்னேற முன்னேறப் பின்னால் நிற்கும் ஊசிகளைப் பிடுங்கி முன்னால் குத்திக்கொண்டே செல்வர்.

விரலகல ரேந்தைக்கு இருபது முப்பது கட்டைகள் போதும். அகன்ற பூவேலைக்கு 100க்கு மேலும் வேண்டியிருக்கும். அத்தனை கட்டைகளுள் எந்த இணை எப்போது வரவேண்டும் என்பதைக் கை அறிந்திருத்தல் வேண்டும். ஓர் இழை தவறினால், தவறிய இடம் வரை அசைவுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பிரித்து வருவதன்றி வேறு வழியில்லை. வியர்வை பட்டாலும் வெண்ணூல் மங்கும். ஆதலால் கையை நன்கு கழுவி, முடித்த பகுதியைத் துணியால் மூடி வைத்தே வேலை செய்வர். கண்ணும் விரலும் மட்டுமன்றிப் பொறுமையும் வேண்டுவது இத்தொழில்.

இக்கலை பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வளர்ந்தது. இத்தாலி நாட்டு வெனிசு நகரில் 1557ஆம் ஆண்டிலேயே இதற்கான வடிவங்கள் கொண்ட நூல் அச்சாயிற்று. மன்னரும் குருமாரும் சீமாட்டிகளும் அணிந்த ரேந்தை, நுண்ணிய சணலிழையாலும் பட்டாலும், சிலவிடத்துப் பொன்னிழை வெள்ளியிழையாலும் ஆனது. அணிந்தவர் செல்வர், பின்னியவரோ ஏழைப் பெண்டிர். இங்கிலாந்தின் தெவன், பக்கிங்காம் முதலிய பகுதிகளில் ஐந்து ஆறு வயதுச் சிறுமியரும் ரேந்தைப் பள்ளிகளில் நாள் முழுதும் குனிந்திருந்து உழைத்தனர். மார்த்தா அம்மையார் தாயகத்தை விட்டுப் புறப்பட்ட காலத்தில் அவ்வேழைப் பெண்டிர்க்கும் ஒரு பேரிடர் நேர்ந்திருந்தது. ஜான் ஹீத்கோட் என்பவர் ரேந்தையின் வலைப்பரப்பை விரைந்து பின்னும் பொறியை அமைத்து 1809இல் காப்புரிமை பெற்றார். லஃப்பரோ என்னுமிடத்தில் இருந்த அவரது ஆலையில் 1816ஆம் ஆண்டு ஒரு கூட்டம் புகுந்து 55 பொறிகளை உடைத்தெறிந்தது. அவர் தம் தொழிலைத் தெவன் பகுதிக்கே மாற்றிக்கொண்டார். கைத்தொழில் தன் பிறந்த நாட்டில் தளர்ந்து கொண்டிருந்த வேளையில், ஆயிரங் காதத்திற்கு அப்பால் நாஞ்சில் நாட்டில் அது புதிதாய் வேர் ஊன்றியது வியப்புக்குரியதே.

நாகர்கோவில் மாணவியர் இத்தொழிலை விரைந்து கற்றனர். பாயும் கூடையும் முடைந்து பழகிய குடும்பங்களில் பிறந்த பெண்களுக்கு இழையை இழையோடு கடத்தும் முறை அந்நியமாகத் தோன்றவில்லை போலும். அவர்கள் பின்னிய ரேந்தையை இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலக் குடும்பத்தினர் விரும்பி வாங்கினர். கடல் கடந்தும் அது விலைபோயிற்று. கிடைத்த பொருளில் ஒரு பகுதி பின்னியவர்க்குக் கூலியாயிற்று. மற்றது பள்ளியின் செலவுக்கு ஆயிற்று. தன் கையால் ஈட்டிய காசைத் தன் கையில் வைத்திருக்கும் பெண் அக்குலங்களில் அதற்குமுன் அரியள்.

அக்காசு செய்த பெருஞ்செயல் ஒன்று உண்டு. பள்ளியிற் பயின்றோருள் அடிமைக் குடும்பங்களில் பிறந்த சிறுமியரும் இருந்தனர். அடிமைக்கு விலை உண்டு. அவ்விலையைச் செலுத்தினால் உரிமையாளர் விடுதலைச் சீட்டு எழுதித் தருவார். ரேந்தை பின்னிச் சேர்த்த பொருளைக் கொண்டு பெண்கள் சிலர் தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்து வாங்கினர். பிறர் இரக்கப்பட்டு விடுவித்தல் வேறு. தானே தன்னை மீட்டுக்கொள்ளுதல் வேறு. முதலாவதில் நன்றிக்கடன் நிற்கும். இரண்டாவதில் எவர்க்கும் கடன் இல்லை.

இதனைக் கொண்டு அம்மையாரே திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்தார் என்று கூறுவாரும் உளர். அது மிகையுரை. விடுதலை பெற்றவர் சிலரே. வயலில் அடிமையாய் உழைத்தவரோ பல்லாயிரவர். அம்முறை ஒழிவதற்கு அரசாணையே வேண்டியிருந்தது. அவ்வாணை 1855ஆம் ஆண்டில்தான் பிறந்தது. ஆயினும் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, அடிமைப் பெண்ணுக்கும் கற்கும் அறிவும் ஈட்டும் திறனும் உண்டு என்பதை நாட்டார் கண்முன் காட்டியது அச்சிறு பள்ளி.

பள்ளிக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. எளிய குலத்துக் கிறித்தவப் பெண்கள் குப்பாயம் என்னும் மேற்சட்டை அணியலாம் என ஆங்கிலப் பிரதிநிதியான மன்றோவின் காலத்தில் இசைவு தரப்பட்டது. குப்பாயம் நம் பழைய இலக்கியத்திலும் வழங்கும் சொல்லே. ஆனால் பெண்கள் சிலர் அதனோடு அமையாமல், உயர்குலத்தார் அணிவது போன்ற தோள்சீலையையும் அணியத் தொடங்கினர். பூசல் மூண்டது. 1827 முதல் மூன்றாண்டுகள் அது கனன்று எரிந்தது. சந்தையிலும் சாலையிலும் பெண்களின் ஆடைகள் கிழிக்கப்பட்டன. கோயில்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1829இல் அரசு வெளியிட்ட ஆணை, குப்பாயம் அணியலாம், தோள்சீலை கூடாது என்று வரையறுத்தது. தோள்சீலைக்கு இருந்த தடை தளர்வதற்கு மற்றொரு பெருங்கலகமும் 1859ஆம் ஆண்டின் பிரகடனமும் வேண்டியிருந்தன.

இங்கே ஒன்று எண்ணத்தக்கது. ஐரோப்பியச் சீமாட்டியின் ஆடைக்கு அழகு சேர்க்கும் ரேந்தையை எந்த விரல்கள் பின்னினவோ, அந்த விரல்களுக்கு உரியவள் தன் தோளில் ஒரு முழத் துணியை இடுவதற்குத் தன் நாட்டில் உரிமை அற்றிருந்தாள். மார்த்தா அம்மையாரின் பள்ளியில் அவள் சட்டை அணிந்தே அமர்ந்தாள். தன் பெயரைத் தானே எழுதினாள். பள்ளி வாயிலைக் கடந்து தெருவில் இறங்கியபோது அவளுக்கு என்ன நேரும் என்பதை அம்மையார் அறிந்திருந்தார். அறிந்திருந்தும் பூசல் நிகழ்ந்த ஆண்டுகளில் அவர் பள்ளியைக் கைவிட்டாரல்லர்.

நாகர்கோவிலில் மால்ட் குடும்பத்தார் 35 ஆண்டுகள் வாழ்ந்தனர். 1854ஆம் ஆண்டோடு சார்லஸ் மால்ட்டின் பணிக்காலம் முடிவுற்றது. பின்னர் இருவரும் தாயகம் திரும்பினர்.  அம்மையார் தொடங்கிய ரேந்தைத் தொழிலையும் பள்ளியையும் அவருக்குப் பின் வந்த பெண்மணிகள் நடத்தினர். அவர்களுள் டதி அம்மையார் குறிப்பிடத்தக்கவர். நாகர்கோவிலில் இன்றும் அக்குடும்பத்தின் பெயரோடு விளங்கும் டதி பெண்கள் பள்ளி, தன் தொடக்கத்தை 1819ஆம் ஆண்டிலேயே காண்கிறது.

மார்த்தா அம்மையாரின் பணி நாகர்கோவிலோடு நின்றுவிடவில்லை. அவருடைய மகள் எலிசா 1822இல் நாகர்கோவிலிலேயே பிறந்தவர். மாணவியரோடு மாணவியாக வளர்ந்தமையால் தமிழ் அவருக்குத் தாய்மொழி போல அமைந்தது. 1844ஆம் ஆண்டில் அவரை மணந்தவர், தமிழ் கூறும் நல்லுலகம் நன்கறிந்த கால்டுவெல். திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், செம்மணற் தேரியும் பனங்காடும் சூழ்ந்த இடையன்குடியில் கால்டுவெல் அப்போது தனியராய்ப் பணிபுரிந்து வந்தார். எலிசா அம்மையார் அங்கே சென்றதும் செய்த முதற்பணிகளுள் ஒன்று, பெண்களுக்குப் பள்ளி தொடங்கி ரேந்தை பின்னக் கற்பித்தது. தாயிடம் கற்ற கட்டையும் திண்டும் பனையேறும் குடும்பத்துப் பெண்களின் மடிக்கு வந்தன. பதனீர் இறங்காத திங்கள்களில் பனைத்தொழிலாளர் குடிசையில் அடுப்பெரிவது அரிது. அத்தகைய வீடுகளுக்கு ரேந்தையால் வந்த காசு சிறிதாயினும் பெரிதே.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. அந்நூலைப் போற்றும் நாம், நூலாசிரியரின் வீட்டில் தமிழை இயல்பாகப் பேசியவர் அவருடைய துணைவியாரே என்பதை எண்ணுவதில்லை. மக்கள் வாய்மொழியின் நுட்பங்களைக் கணவருக்கு எடுத்துரைக்கும் தகுதி அவருக்கு இருந்தது. அத்தகுதி நாகர்கோவிற் பள்ளியின் முற்றத்தில் அவர் பெற்றது.

கால்டுவெல் 1891இல் கொடைக்கானலில் மறைந்தார். அவர் உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவரே எழுப்பிய கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1899இல், மார்த்தாவின் மகள் எலிசாவும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பொறிகளால் பின்னப்படும் மலிவான ரேந்தை இருபதாம் நூற்றாண்டில் கடைதோறும் நிறைந்த பின்னர், கட்டையும் திண்டும் கொண்டு பின்னுவோர் தென்னாட்டில் அருகினர்.